அரிசி கிடைக்குமா?

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர். பரம சாது. ஒரு நாள் காலை, பால் பாக்கெட் எடுக்கக்கூட நான் கதவு திறக்காத நேரத்தில் காலிங் பெல் அடித்தார். கையில் ஒரு காகிதம். முகத்தில் ஏகப்பட்ட கலவரம்.

'சார், பையனுக்கு பேங்க் வேலை கிடைச்சிருக்கு.'

நல்ல விஷயம்தானே, அதற்கு எதற்கு இந்த முகம் என்று கேட்பதற்குள் காகிதத்தை நீட்டினார். போஸ்டிங் ஐஸால்.

'இது எங்க சார் இருக்கு? இந்தியாவுலதானா?'

உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். கேள்விகள் வரிசை கட்டின. பாஸ்போர்ட் வேண்டுமா? நம்ம ரூபாய் செல்லுமா? ரயில் போகுமா? என்ன பாஷை? நாய்க்கறி தின்பார்களாமே? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பக்கமெல்லாம் எந்நேரமும் துப்பாக்கிச் சண்டையாமே, நம்பி அனுப்பலாமா?

பின்னாலேயே வந்துவிட்ட அவர் மனைவிக்கு ஒரே ஒரு கேள்விதான்.

'தம்பி, அங்க அரிசி கிடைக்குமா?'

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்குக் கேட்கப்பட்ட அத்தனை கேள்விகளிலும் மிஸோரம் சரித்திரத்தின் நாடியைச் சரியாகப் பிடித்த கேள்வி அது ஒன்றுதான். ஏன் என்பதற்குக் கடைசியில் வருவோம். முதலில் மற்ற கேள்விகளை முடித்துவிடலாம்.

*

இந்திய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலது மேல் மூலையில், பங்களாதேஷைச் சுற்றிக்கொண்டு ஒரு கொத்து மாநிலங்கள் தொங்குகின்றன அல்லவா? அந்தக் கொத்தின் அடி நுனியில், பங்களாதேஷுக்கும் மியான்மருக்கும் நடுவே ஆப்பு மாதிரி செருகிக்கொண்டிருப்பதுதான் மிஸோரம். மேற்கே பங்களாதேஷுடன் 318 கிலோமீட்டர் எல்லை. கிழக்கிலும் தெற்கிலும் மியான்மருடன் 510 கிலோமீட்டர். மிச்சமிருக்கும் வடபுறத்தில்தான் அஸ்ஸாம், மணிப்பூர், திரிபுரா என்று நம் மாநிலங்கள். வெளிநாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு, பாவம், இந்தியாவோடு ஒட்டவில்லை.

பரப்பளவு 21,081 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை ஆறு பங்கு போட்டால் ஒரு பங்கு. ஜனத்தொகை? 2011 கணக்கெடுப்பின்படி பதினொரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட கோயமுத்தூர் மாநகராட்சி அளவு. மொத்த மாநிலத்துக்கும் அவ்வளவுதான்.

மி என்றால் மனிதர். ஸோ என்றால் மலை. ராம் என்றால் நிலம். மலை மனிதர்களின் நிலம். பொருத்தமான பெயர். வடக்கு தெற்காக வரிசை வரிசையாக மலைகள். பள்ளத்தாக்கில் ஆறு, மலை முகட்டில் ஊர். தலைநகரம் ஐஸால் அப்படி முகட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர்தான். சாலையிலிருந்து ஒரு கட்டடத்துக்குள் நுழைவீர்கள். தரைத்தளம் என்று நினைப்பீர்கள். எட்டிப் பார்த்தால் கீழே இன்னும் நாலு மாடி இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. மிஸோரமின் மிகப் பெரிய ஏரி எங்கே இருக்கிறது? மியான்மரில். ஜோக் இல்லை. ரிஹ் தில் என்று பெயர். இறந்துபோன மிஸோக்களின் ஆவி மறு உலகத்துக்குப் போகும் வழியில் அந்த ஏரியைக் கடந்துதான் போகும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. பின்னாளில் கோடு போட்டவர்களுக்கு ஆவிகளின் ரூட்டெல்லாம் தெரியுமா என்ன? ஏரி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

கடிகாரத்திலும் ஒரு குளறுபடி உண்டு. நாடு முழுதும் ஒரே நேரம் என்று வைத்திருக்கிறோம். சூரியன் அதற்குக் கட்டுப்படுமா? ஜூன் மாதத்தில் ஐஸாலில் காலை நாலரைக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். டிசம்பரில் சாயந்திரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. ஆகவே அவர்கள் ராச்சாப்பாட்டை ஆறு, ஏழு மணிக்கே முடித்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு டிபன் சாப்பிடலாம் என்று நம்ம ஊர்ப் பையன் கிளம்பினால், பட்டினிதான்.

ரயில்? சமீப காலம் வரை ஐஸால் பக்கம் ரயில் கிடையாது. அஸ்ஸாமின் சில்சாரிலிருந்து மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் விமானம். 2025 செப்டம்பரில்தான் பைராபியிலிருந்து ஸாய்ராங் வரை பாதை திறந்தார்கள். 51 கிலோமீட்டர். அதற்குள் 48 சுரங்கம். பாலங்கள் நூற்றுக்கும் மேலே. ஒரு பாலத்தின் தூண் நம் குதுப்மினாரைவிட உயரம். ஸாய்ராங்கிலிருந்து ஐஸால் கூப்பிடு தூரம். அந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

*

பாஸ்போர்ட் வேண்டாம். ரூபாய்தான். ஆனால் பர்மிட் வேண்டும்.

இன்னர் லைன் பர்மிட் என்று பெயர். வெளி மாநிலத்து இந்தியர்கள் அது இல்லாமல் மிஸோரமுக்குள் போக முடியாது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு விமான நிலையத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே போவதற்கு எதற்கய்யா அனுமதிச் சீட்டு?

காரணம், தேயிலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் வெள்ளைக்காரர்கள் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். லாபம் கொட்டியது. கொட்டினால் என்ன செய்வார்கள்? இன்னும் தெற்கே, இன்னும் தெற்கே என்று காட்டை வெட்டிக்கொண்டு போனார்கள். அது லூஷாய் மலைத் தலைவர்களின் வேட்டைக் காடு. (மிஸோக்களை அப்போது வெள்ளைக்காரர்கள் லூஷாய் என்றுதான் சொன்னார்கள்.) யாரைக் கேட்டு வெட்டினாய் என்று அவர்கள் கீழே இறங்கி வந்து தோட்டங்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். 1871 ஜனவரியில் அலெக்ஸாண்ட்ராபூர் என்ற தோட்டத்தில் வின்செஸ்டர் என்கிற துரை கொல்லப்பட்டார். அவருடைய ஆறு வயதுப் பெண் குழந்தை மேரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

லண்டன் வரை கொந்தளித்தது. பெரும் படையே கிளம்பி மலையேறியது. 1872 ஜனவரியில் குழந்தை கிடைத்தாள். மிஸோக்கள் அவளுக்கு ஸோலுதி என்று பெயரே வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருடம், 1873-ல், அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. மலை அடிவாரத்தில் ஒரு கோடு. அனுமதியில்லாமல் அதை யாரும் தாண்டக் கூடாது. வம்பில்லாமல் வியாபாரம் நடக்கவேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம். ஆனால் போட்டவர்களே அந்தக் கோட்டை மதிக்கவில்லை. இருபது வருடத்துக்குள் படையோடு மறுபடி மலையேறி, மொத்தத்தையும் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். கோடு மட்டும் மிச்சமிருந்தது. இன்றைக்கு மிஸோக்கள் அதைத் தங்கள் நிலத்துக்கான வேலியாகப் பார்க்கிறார்கள். எடுக்கலாமா என்று பேச்செடுத்தாலே எகிறுவார்கள்.

படைக்குப் பின்னால் பாதிரிமார்கள் வந்தார்கள். 1894 ஜனவரி 11-ம் தேதி லோரெய்ன், ஸாவிட்ஜ் என்று இரண்டு பேர் ஆற்றில் படகேறி வந்து இறங்கினார்கள். இறங்கிய இடம்? ஸாய்ராங். ஆமாம், 131 வருடம் கழித்து ரயில் போய் நின்ற அதே ஊர்.

அதுவரை மிஸோ மொழிக்கு எழுத்து கிடையாது. இந்த இரண்டு பேரும் ரோமன் எழுத்தை வைத்து ஓர் அரிச்சுவடி தயார் செய்தார்கள். பைபிளும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே மலையேறின. இன்றைக்கு அங்கே நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேலே கிறிஸ்தவர்கள். 2011-ல் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம். பாஷை மிஸோ. ஆனால் ஆங்கிலம் பரவலாகச் செல்லும். 'பையனுக்கு இந்தி வராதே' என்று நண்பர் இழுத்தார். அங்கேயும் பலருக்கு வராது, கவலையை விடுங்கள் என்றேன்.

*

போகட்டும். போய் இறங்கியாகிவிட்டது. எப்படி இருக்கும்?

முதலில் காது ஆச்சரியப்படும். ஐஸாலில் வண்டிகள் ஹாரன் அடிப்பதில்லை. ஒற்றையடிப் பாதை மாதிரி சாலை, எக்கச்சக்க வண்டி, ஏற்றம், இறக்கம். ஆனாலும் டூவீலர் ஒரு வரிசை, கார் ஒரு வரிசை என்று பொறுமையாக நிற்கிறார்கள். எதிர்வரிசை காலியாக இருந்தாலும் யாரும் புகுந்து போவதில்லை. நம்ம ஊரில் பத்து வருடம் வண்டி ஓட்டியவனுக்கு இது ஏதோ துக்க வீடு மாதிரி தோன்றக்கூடும்.

பெயர்களில் ஒரு வசதி. ஆண் பெயர் 'ஆ' என்று முடியும். பெண் பெயர் 'ஈ' என்று முடியும். லால்டெங்கா, ஸோரம்தங்கா என்றால் ஆண். ஸோலுதி என்றால் பெண். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஊரே சர்ச்சில் இருக்கும். சனிக்கிழமையே காய்கறி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு? இரண்டு வேளையும் சோறு. கூடவே பை. துணிப்பை இல்லை, கீரையும் மூங்கில் குருத்தும் காய்களும் போட்டுக் கொதிக்க வைக்கிற ஒரு குழம்பு. எண்ணெய், மசாலா ரொம்பக் குறைவு. பன்றிக்கறி பிரதானம். நாய்க்கறி தின்கிற பழக்கம் இருந்தது வாஸ்தவம். 2020-ல் மாநிலச் சட்டசபையே வெட்டத் தகுந்த பிராணிகளின் பட்டியலிலிருந்து நாயை நீக்கிவிட்டது.

நான் சொல்ல நினைப்பது இது எதுவுமல்ல. ஒரு கடையைப் பற்றி.

ஐஸாலிலிருந்து போகிற நெடுஞ்சாலையில் ஸெலிங் என்கிற ஊர்ப் பக்கம் வரிசையாக மூங்கில் குடில்கள் இருக்கும். உள்ளே காய், பழம், கீரை, பாட்டிலில் ஜூஸ். பக்கத்தில் விலை எழுதிய அட்டை. காசு போட ஒரு டப்பா. கடைக்காரர்? ம்ஹூம். அவர் மலைச் சரிவில் காட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். வேண்டியதை எடுத்துக்கொண்டு, காசைப் போட்டுவிட்டு, மீதிச் சில்லறையையும் நீங்களே எடுத்துக்கொண்டு போகலாம்.

நான் பி.காம். படித்தவன். குட்வில் என்று ஒரு சமாசாரம் எங்கள் பாடத்தில் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. பட்டியலில் ஒரு மூலையில் இருக்கும். அந்த ஆளில்லாக் கடையில் இருக்கிற முதலீடு மொத்தமும் அது ஒன்றுதான்.

இதற்கு அவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. த்லோம்ங்காய்னா. வாய்க்குள் நுழையவில்லையா, பரவாயில்லை. தனக்குக் கஷ்டம் வந்தாலும் பிறத்தியானுக்கு உதவுவது என்று பொருள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது முதல் ராத்திரி துணைக்கு உட்கார்ந்திருப்பது வரை ஊர் இளைஞர் சங்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். 1935-ல் ஆரம்பித்த சங்கம். 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கொட்டகை போட்டதும் அரிசி திரட்டியதும் இதே சங்கமும் சர்ச்சுகளும் கிராமத்து ஜனங்களும்தான்.

இப்படிப்பட்ட ஊரில் துப்பாக்கி எப்படி வந்தது?

*

ஒரு பூவால் வந்தது.

மிஸோரம் காடுகளில் பெரும்பகுதி மூங்கில். அதிலும் மவ்தாக் என்கிற ஒரே வகைதான் அதிகம். இந்த மூங்கில் வருடா வருடம் பூக்காது. ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒரு முறை பூக்கும். பூத்தால் ஒரு மரம், இரண்டு மரம் அல்ல. மலை மலையாக, ஒட்டுமொத்தக் காடும் பூத்துக் காய்த்துச் செத்துவிடும். மவ் என்றால் மூங்கில், தாம் என்றால் சாவு. மவுதாம்.

நம்ம மலைகளில் மூங்கில் பூத்தால் நெல் மாதிரி மூங்கில் அரிசி கிடைக்கும். இது அப்படியல்ல. பேரிக்காய் அளவுக்குச் சதைப்பற்றுள்ள பெரிய காய். லட்சக்கணக்கில் உதிர்ந்து கிடக்கும். எலிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு! தின்னத் தின்னக் குட்டி போடும். குட்டிகள் வளர்ந்து அவையும் குட்டி போடும். ஒரு நாள் காய் தீர்ந்துவிடும். பசியோடு நிற்கிற அத்தனை எலியும் வயலில் இறங்கும். ஒரே ராத்திரியில் வயல் காலி. பிறகு களஞ்சியம். அப்புறம் பஞ்சம்.

இது ஒன்றும் ரகசியமல்ல. 1911-12-ல் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பதிவுகளிலேயே இருக்கிறது. அப்போது பத்து வயதுப் பையனாக இருந்து பசியோடு கிழங்கு தேடிக் காட்டில் அலைந்தவன், 1958-ல் ஐம்பத்தேழு வயதுக் கிழவன். மூங்கில் பூக்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவனுக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்போது மிஸோரம் என்று மாநிலம் கிடையாது. அஸ்ஸாமில் ஒரு மாவட்டம். மிஸோக்களுக்கென்று ஒரு மாவட்ட கவுன்சில் மட்டும் இருந்தது. 1958 அக்டோபரில் அந்த கவுன்சில் தீர்மானம் போட்டு அஸ்ஸாம் அரசுக்கு அனுப்பியது. மூங்கில் பூக்கிறது, பஞ்சம் வரப்போகிறது, முன்னேற்பாடு செய்ய 15 லட்ச ரூபாய் கொடுங்கள்.

ஷில்லாங்கில் இருந்த அதிகாரிகளுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். (அஸ்ஸாமின் தலைநகரம் அப்போது ஷில்லாங்.) பூ பூத்தால் பஞ்சமா? மலைஜாதிக்காரர்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். பணம் வரவில்லை.

பஞ்சம் வந்தது.

1959-ல் வயல்கள் துடைத்துப் போட்டது போல ஆயின. எலி வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு என்று அறிவித்துப் பார்த்தார்கள். வால்கள் மலை மலையாகக் குவிந்தன. எலி குறையவில்லை. ஜனங்கள் காட்டுக் கிழங்கையும் இலையையும் தின்றார்கள். பிற்பாடு அரசாங்கம் அரிசி அனுப்பத்தான் செய்தது. காலம் கடந்த அரிசி. ஜீப்பே போகாத மலைக் கிராமங்களுக்கு அது எப்போது போய்ச் சேரும்?

அப்போதுதான் ஒரு மனிதர் முன்னால் வந்தார். லால்டெங்கா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். பிறகு மாவட்ட கவுன்சிலில் குமாஸ்தா. பேச்சு வன்மை அபாரம். பஞ்ச நிவாரணத்துக்கென்று 1960-ல் மிஸோ தேசியப் பஞ்ச முன்னணி என்று ஓர் அமைப்பு ஆரம்பித்தார். இளைஞர்கள் முதுகில் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு மலை மலையாக ஏறினார்கள். கிராமத்தான் பார்த்தான். அரசாங்கம் வரவில்லை, இவர்கள் வந்தார்கள். கணக்கு அவனுக்குச் சுலபமாகப் புரிந்துவிட்டது.

அதே 1960-ல் அஸ்ஸாம் அரசு அஸ்ஸாமிய மொழியை ஆட்சி மொழியாக்கிச் சட்டம் போட்டது. வேறு பாஷை பேசும் மலைக்காரர்கள் கொதித்தார்கள். எரிகிற அடுப்பில் இன்னொரு கட்டை. 1961 அக்டோபரில் லால்டெங்கா, தன் அமைப்பின் பெயரிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டார். பஞ்சம். மிச்சமிருந்தது மிஸோ தேசிய முன்னணி. கோரிக்கை, தனி நாடு.

*

1966 பிப்ரவரி 28 ராத்திரி ஆரம்பித்தது. ஒரே சமயத்தில் பல ஊர்களில் அரசு அலுவலகங்களையும் அஸ்ஸாம் ரைபிள்ஸ் முகாம்களையும் முன்னணியின் ஆட்கள் தாக்கினார்கள். கிழக்கு பாகிஸ்தான் வழியாக வந்த ஆயுதங்கள் கையில் இருந்தன. கஜானாக்கள் கொள்ளை போயின. மார்ச் 1-ம் தேதி சுதந்திரப் பிரகடனம். ஐஸாலில் அஸ்ஸாம் ரைபிள்ஸ் முகாம் முற்றுகையில் இருந்தது.

டெல்லியில் இந்திரா காந்தி பிரதமராகி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

மார்ச் 4, 5 தேதிகளில் ஐஸால் வானத்தில் போர் விமானங்கள் வந்தன. இந்திய விமானப் படையின் விமானங்கள். முதலில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு குண்டு போட்டார்கள். நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு காட்டுக்குள் ஓடினார்கள். சொந்த நாட்டு விமானப் படை சொந்த நாட்டு ஊரின் மீது குண்டு போட்டது அது ஒரு முறைதான். ஆட்களையும் பொருள்களையும் இறக்கத்தான் விமானங்கள் போயின என்று அப்போது டெல்லி சொன்னது. அஸ்ஸாம் சட்டசபையின் மலைப் பகுதி உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சபையில் போட்டு உடைத்தார்கள். ஐம்பத்தேழு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், நாடாளுமன்றத்தில் பிரதமர் அந்தத் தேதியைக் குறிப்பிட்டுப் பேசினார். ஐஸாலில் யாரும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மார்ச் 5 அவர்களுக்கு மறக்கிற தேதியல்ல.

அதோடு முடியவில்லை. 1967-ல் இன்னொன்று செய்தார்கள். மலையெங்கும் சிதறிக் கிடக்கிற கிராமங்கள்தான் புரட்சிக்காரர்களுக்குச் சோறு போடுகின்றன. கிராமமே இல்லாவிட்டால்? மலேயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக வெள்ளைக்காரர்கள் செய்துபார்த்த அதே உத்தி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து, சாலையோரம் 110 மையங்களில் ஜனங்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். கையில் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பழைய வீட்டுக்குத் தீ. சுற்றிலும் முள்வேலி. வெளியே போக அனுமதி. உள்ளே வர அனுமதி. வயல் எங்கோ தூரத்து மலையில். விதைக்கவும் அறுக்கவும் முடியாதவனுக்கு என்ன மிஞ்சும்? ரேஷன் அரிசி. பஞ்சத்தில் வராத அரிசி, வேலிக்குள் அளந்து கொடுக்கப்பட்டது.

எதிர்த் தரப்பும் சும்மா இல்லை. 1975 ஜனவரியில் ஐஸாலில் போலீஸ் தலைமையகத்துக்குள்ளேயே புகுந்து மூன்று உயர் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு பக்கமும் பயந்து நடுவில் செத்தவர்கள், எப்போதும்போல, சாதாரண ஜனங்கள்தான்.

இருபது வருடம் இப்படியே போனது.

*

முடிந்த விதம்தான் ஆச்சரியம்.

1972-ல் மிஸோரம் யூனியன் பிரதேசமானது. லால்டெங்கா பாகிஸ்தான், ஐரோப்பா என்று சுற்றிக்கொண்டே டெல்லியுடன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முறியும், ஒட்டும், மறுபடி முறியும். சர்ச் பெரியவர்கள் விடாமல் இரண்டு பக்கமும் தூது போனார்கள். கடைசியில் ராஜீவ் காந்தி காலத்தில், 1986 ஜூன் 30-ம் தேதி கையெழுத்தானது. மத்திய அரசு சார்பில் கையெழுத்துப் போட்ட உள்துறைச் செயலாளர் பிரதானுக்கு அன்றைக்குத்தான் பணி ஓய்வு நாள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. அப்போது மிஸோரம் முதலமைச்சராக இருந்தவர் காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா. அமைதிக்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்து லால்டெங்காவை அதில் உட்காரச் சொன்னார். தான் துணை முதல்வராகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நம்புங்கள், இந்தியாவில்தான். 1987 பிப்ரவரி 20-ம் தேதி மிஸோரம் நாட்டின் 23-வது மாநிலமானது. காட்டிலிருந்து இறங்கியவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். அந்த ஒப்பந்தம் இன்றுவரை முறியவில்லை. அஸ்ஸாமுடன் 2021-ல் எல்லைத் தகராறு வெடித்து உயிர்கள் போயின, உண்மைதான். ஆனால் 1986-ல் கீழே வைத்த துப்பாக்கியை மறுபடி எடுக்கவில்லை.

இப்போது அந்த 48 வருடக் கணக்குக்கு வாருங்கள். 1959-க்குப் பிறகு எப்போது? 2007 வாக்கில். சொல்லி வைத்த மாதிரி 2006-லேயே மூங்கில் பூக்க ஆரம்பித்துவிட்டது. முதலமைச்சர் நாற்காலியில் யார்? ஸோரம்தங்கா. காட்டில் லால்டெங்காவின் வலதுகரமாக இருந்தவர். பஞ்சத்தில் பிறந்த கட்சி, அடுத்த பஞ்சத்துக்கு ஆட்சியில் இருந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பூப்பதற்கு முன்பே திட்டம் போட்டார்கள். மத்திய அரசு பணம் கொடுத்தது. எலி சீண்டாத இஞ்சியும் மஞ்சளும் பயிரிடச் சொன்னார்கள். எலி வாலுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். அரிசி லாரிகள் மலையேறின. அப்படியும் விளைச்சல் பெருமளவு போனது. உதவி சரியாக வந்து சேரவில்லை என்று விவசாயிகள் திட்டினார்கள். 2008 தேர்தலில் ஸோரம்தங்காவின் கட்சிக்கு நாற்பது இடங்களில் மூன்றே மூன்று. ஜெயித்தது காங்கிரஸ். முதலமைச்சர், அதே லால் தன்ஹாவ்லா.

கவனியுங்கள். முதல் மவுதாமின் கோபம் துப்பாக்கியாக வெளியே வந்தது. இரண்டாவது மவுதாமின் கோபம் ஓட்டுச் சீட்டாக வந்தது. பூ அதே பூ. எலியும் அதே எலி. மாறியது ஒன்றுதான். கேட்டால் காது கொடுக்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை.

1958-ல் கேட்டது 15 லட்சம். அன்றைக்கே அது ஓர் அரசாங்கத்துக்குப் பெரிய தொகையல்ல. இருபது வருடம் பட்டாளத்தை மலையில் வைத்துத் தீனி போட்ட செலவோடு பார்த்தால் டீச்செலவு. எரிந்த வீடுகளையும் போன உயிர்களையும் எந்தப் பத்தியில் எழுதுவது? ஆளில்லாத கடையில் டப்பாவில் காசு போடுகிற ஜனங்கள் அவர்கள். அவர்கள் சொன்னதை ஒரு முறை நம்பியிருக்கலாம்.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லி முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. 'அப்ப பயமில்ல, அனுப்பலாம்ங்கறீங்க' என்றார். தாராளமாக அனுப்புங்கள் என்றேன். 'அடுத்த பூ எப்ப?' என்று கேட்டார். 2055 வாக்கில். அதற்குள் உங்கள் பையனுக்கு ரிடையர்மென்டே நெருங்கியிருக்கும்.

அவர் மனைவி இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

'கிடைக்கும் அக்கா' என்றேன். 'அங்கே இரண்டு வேளையும் அரிசிதான். அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும், டெல்லிக்கும் தெரியும்.'